பெரியம்மாவின் பச்சை கவுன் எந்தக் காலத்தது?

பழம்பெட்டி:
பெரியம்மா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டி என்னிடம் வந்தது. உள்ளே கரும்பச்சை கவுன் ஒன்று, கம்பளிக் கோட்டு ஒன்று. கவுன் 1950களில் தைத்தது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் முதுகில் இருப்பது நைலான் ஜிப். லேபிள் கிடையாது. உள் ஓரங்கள் பல் பல்லாக வெட்டியிருக்கின்றன. கோட்டு லேபிளில் நூலுருண்டை மாதிரி ஒரு முத்திரை. பெரியம்மா தன் வயதைக் குறைத்துச் சொல்பவர்தான். அதற்காகக் கவுனின் வயதைக் கூட்டியிருப்பாரா?

நூல்கண்டு:
கோட்டு சுலபம். அது வுல்மார்க், சுத்தக் கம்பளி என்று காட்டும் முத்திரை, 1964இல் வந்தது. லேபிள் பிறகு ஒட்டுத்தையல் போட்டதாக இல்லையென்றால், கோட்டு அதற்கு முந்தியதல்ல.

கவுனில்தான் வேலை இருக்கிறது. நைலான் ஜிப் 1960களில்தான் பரவியது, அதற்கு முன் உலோகப் பல்தான். ஆனாலும் ஜிப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். துணி நைவதற்கு முன்பே ஜிப் போய்விடும், மாற்றித் தைப்பார்கள். நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். கவுனை உள்பக்கம் திருப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஜிப்பை ஒட்டிப் பழைய ஊசித் துளைகள் தெரிகின்றனவா? ஜிப் தைத்த நூலும் மற்ற இடத்து நூலும் ஒன்றுதானா? பல் வெட்டும் லேபிள் இல்லாததும் வீட்டிலோ தையல்காரரிடமோ தைத்தது என்றுதான் காட்டுகின்றன; காலம் சொல்லாது.

ஊசிக்காது:
கீழ்மடிப்பிலிருந்து இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். முடி பொசுங்கும் வாடையும் நொறுங்கும் சாம்பலும் என்றால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் பாலியஸ்டராக இருக்கலாம். அது 1941இல் கண்டுபிடித்த இழை, ஆடையாகப் புழங்கியது 1950களில். அப்புறம், அவசரப்பட்டுத் துவைத்துவிடாதீர்கள். கறையும் சாட்சிதான்.

பழம்பெட்டி:
பார்த்துவிட்டேன். இழை முடி வாடைதான், பட்டு. ஜிப்பின் இருபுறமும் பழைய துளை வரிசை இருக்கிறது, அதன் அடிமுனையில் துருக்கறை. ஆக, முதலில் இருந்தது உலோக ஜிப். 1950கள் என்று உறுதியாகவில்லை, பொய் என்றும் ஆகவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பக்கத் தையல்களை இரண்டு விரல் அகலம் பிரித்து விட்டிருக்கிறார். வெளுக்காத பச்சை அங்கே பளிச்சென்று தெரிகிறது. அதற்கும் புது ஜிப்புக்கும் ஒரே நூல். ஜிப் ஏன் போனது என்று இப்போது புரிகிறது. பெரியம்மா இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.