புதுப்பிப்பு: அம்மாவின் குளிசையும் நான் கேட்ட கேள்வியும்

இரண்டு மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன்: வன்னியில் ஒட்டுசுட்டானில் இருக்கும் அம்மா விடியற்காலையில் கிணற்றடியில் வியர்த்துக் கொட்டி விழுந்துவிட்டார். முதியவர்களுக்கு இரத்தச் சீனியை அளவுக்கு மீறி இறக்கக்கூடிய கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவுக் குளிசையை வைத்தியர் ஆண்டுக்கணக்காக மாற்றாமல் எழுதிவந்திருந்தார். பட்டம் பெற்ற வைத்தியரின் அறிவை அதன்பின் யார் பார்ப்பது என்று கேட்டிருந்தேன்.

அம்மா இப்போது நலம், குளிசை மாறிவிட்டது. பழைய கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அதே குளிசையின் கிறுக்கல். சிறுநீரகம் தளர்ந்தால் இந்தக் குளிசை இன்னும் ஆபத்து; அப்படித் தளர்ந்ததைக் காட்டும் பரிசோதனைத் தாள் ஒட்டியிருந்த பக்கத்திலும் அதே கிறுக்கல்தான். அதைப் பார்த்தபோது நெஞ்சு பதறியது.

பலர் பிரித்தானியாவைச் சுட்டியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். அங்கே 2012 டிசம்பரிலிருந்து வைத்தியர்கள் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் தகுதியை மறுபடி உறுதிப்படுத்த வேண்டும். இது பரீட்சை அல்ல. ஆண்டுதோறும் மதிப்பீட்டு உரையாடல், தொடர்கல்விச் சான்று, வந்த முறைப்பாடுகள், சக ஊழியரின் கருத்து, நோயாளியின் கருத்து எல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். நோயாளியையும் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அம்மாவை எவரும் கேட்டதே இல்லை. இப்படி ஓர் ஏற்பாடு இங்கும் வேண்டும் என்கிறேன்.

“இறுக்கினால் வன்னியில் இருக்கிற டொக்டரும் போய்விடுவார்” என்று ஓர் அண்ணா எழுதியிருந்தார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனை வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்று பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். ஆனால் தனியாக நூறு பேரைப் பார்க்கும் வைத்தியருக்குப் படிக்க நேரமும் பதில் ஆளும் கொடுப்பதும் இதே ஏற்பாட்டின் பாதிதான், அண்ணா. அதையும் சேர்த்தே கேட்கிறேன்.

அடுத்த கிளினிக் நாளில் அந்தக் கொப்பியோடு பொறுப்பு வைத்தியரைச் சந்திக்கிறேன்.