இரவில் எல்பாருக்குக் கூட்டிய வர்ச்சுவல் பிராசசர் காலையில் இறங்க மறுக்கிறது

கேள்வி

வணக்கம். ஒரு ஐபிஎம் பவர் சர்வரில் இரண்டு எல்பார்கள் (ஒரே சர்வரைப் பிரித்து உருவாக்கிய தனித்தனி கணினிகள்), இரண்டிலும் ஏஐஎக்ஸ் இயங்குதளம். பொதுவான பிராசசர் பூலில் 8 கோர். பகலில் பயனர்கள் நேரடியாக வேலை செய்யும் ஆன்லைன் எல்பாருக்கு 6 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கோரின் திறன்), பின்னணியில் மொத்தமாக ஓடும் வேலைகளுக்கான பேட்ச் எல்பாருக்கு 1 யூனிட். இரவு 11 மணிக்கு ஆன்லைனில் 3 யூனிட்டை எடுத்துப் பேட்சுக்குக் கொடுக்க வேண்டும், காலை 6 மணிக்குத் திருப்ப வேண்டும். சர்வரை நிர்வகிக்கும் எச்எம்சி கன்சோலுக்குள் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் வசதி) போட வழியில்லாததால், வேறொரு நிர்வாக சர்வரிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக அதற்குக் கட்டளைகளை அனுப்பும் ஸ்கிரிப்ட் ஓடுகிறது.

பேட்ச் எல்பாரின் வர்ச்சுவல் பிராசசர் (அந்த எல்பாருக்குத் தெரியும் மெய்நிகர் பிராசசர்களின் எண்ணிக்கை) பகலில் 2, இரவில் 4. எல்பாரின் தொடக்க அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ப்ரொஃபைலில் அதன் உச்சவரம்பும் 4தான். இரவிலும் காலையிலும் ஸ்கிரிப்ட் முதலில் வர்ச்சுவல் பிராசசரை மாற்றும், அப்புறம் யூனிட்டை மாற்றும்.

முதல் இரவு சிக்கலில்லை. காலையில் பிழை வந்தது. அன்றிலிருந்து இரண்டு வேளையும் பிழை வருகிறது, ஆனாலும் யூனிட் சரியாக ஏறி இறங்குகிறது. வர்ச்சுவல் பிராசசர் மட்டும் 4லேயே நிற்கிறது. எச்எம்சி திரையில் கையால் மாற்றினால் ஒரு பிழையும் இல்லை. பகலில் பேட்ச் பக்கம் அறிக்கைகள் ஓடும்போது ஆன்லைன் மந்தமாகிறது என்று பயனர்கள் சொல்கிறார்கள். இரண்டும் தொடர்புள்ளவையா?

பதில் 1

எச்எம்சி எல்பாரோடு பேசப் பயன்படுத்தும் ஆர்எம்சி இணைப்பு முதலில் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். எச்எம்சிக்கும் எல்பாருக்கும் இடையே 657ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும், நிலை ஆக்டிவ் என்று காட்ட வேண்டும். அது அறுந்தால் ஓடுகிற எல்பாரில் பிராசசரைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஸ்கிரிப்ட் ஓடும் சர்வரின் நேர மண்டலத்தையும் ஒருமுறை சரிபாருங்கள்.

கேட்டவர்

நன்றி. ஆர்எம்சி ஆக்டிவ், நேரமும் சரி. யூனிட் மாறுவதால் இணைப்பில் குறை இருக்காது என்று நினைக்கிறேன்.

பதில் 2

உங்கள் ஸ்கிரிப்டின் வரிசைதான் காரணம். ஒரு எல்பாருக்கு எத்தனை யூனிட் இருக்கிறதோ, குறைந்தது அத்தனை வர்ச்சுவல் பிராசசராவது இருந்தாக வேண்டும். ஏனென்றால் ஒரு வர்ச்சுவல் பிராசசர் ஒரு கோருக்கு மேல் பயன்படுத்த முடியாது.

இதை வைத்து உங்கள் முதல் நாளை நடத்திப் பாருங்கள். இரவில் 2 என்பது 4 ஆனது, அதன் பிறகு யூனிட் 4 ஆனது, இரண்டும் செல்லும். காலையில் யூனிட் இன்னும் 4 இருக்கும்போதே வர்ச்சுவல் பிராசசரை 2 ஆக்கச் சொல்கிறீர்கள். எச்எம்சி மறுக்கிறது. அடுத்த வரியில் யூனிட் 1 ஆகிவிடுகிறது. மறுநாள் இரவு ஏற்கெனவே 4 இருப்பதோடு 2 கூட்டினால் 6. உச்சவரம்பு 4 என்பதால் அதுவும் மறுக்கப்படுகிறது. யூனிட் மட்டும் ஏறுகிறது. காலையில் மீண்டும் அதே கதை. கையால் செய்யும்போது திரையில் இரண்டு எண்களையும் சேர்த்தே மாற்றுகிறீர்கள், அதனால் இடையில் முரண் வருவதில்லை.

கூட்டும்போது வர்ச்சுவல் பிராசசர் முதலில், குறைக்கும்போது யூனிட் முதலில் என்று வையுங்கள். அதைவிட, ஒரே கட்டளையில் இரண்டையும் கொடுப்பது நல்லது. எச்எம்சி கட்டளை அதை ஏற்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று. ‘3 கூட்டு’, ‘3 குறை’ என்று எழுதிய ஸ்கிரிப்டை நம்பாதீர்கள். ஒரு இரவு தவறினால் காலையில் இல்லாததைக் குறைக்கப் பார்க்கும். நள்ளிரவில் யாராவது பேட்ச் எல்பாரை முழுதாக நிறுத்தி ப்ரொஃபைலிலிருந்து எழுப்பினாலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் அப்போது ப்ரொஃபைலில் உள்ள பகல் அளவே திரும்பி வரும். ஆகவே தற்போதைய அளவை முதலில் படித்து, வேண்டிய அளவுக்கு எவ்வளவு வித்தியாசமோ அதை மட்டும் அனுப்பட்டும். முடிந்ததும் மறுபடி படித்து ஒப்பிடட்டும். பொருந்தாவிட்டால் உடனே எச்சரிக்கை போக வேண்டும். எடுக்கும் பக்கம் தோற்றால் கொடுக்கும் பக்கத்துக்குப் போகாமல் நிற்கவும் வேண்டும்.

பகல் மந்தத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். பேட்ச் எல்பார் அன்கேப்டா, அதாவது தன் யூனிட்டைத் தாண்டிப் பூலின் மிச்சத்தையும் இழுக்க அனுமதி உண்டா?

கேட்டவர்

ஆமாம், இரண்டும் அன்கேப்ட். வெயிட் (மிச்சத்தைப் பங்கிடும்போது பார்க்கும் முன்னுரிமை எண்) இரண்டுக்கும் 128, மாற்றவே இல்லை. ஆன்லைனுக்கு வர்ச்சுவல் பிராசசர் 8.

பதில் 2

அப்படியானால் 1 யூனிட் என்பது பேட்சுக்கு உறுதியளித்த அளவு மட்டுமே. பூலில் மிச்சம் இருந்தால் அது 4 கோர் வரை இழுக்கும், ஏனென்றால் வர்ச்சுவல் பிராசசர் 4 இருக்கிறது. ஆன்லைனுக்கு அதன் 6 எப்போதும் கிடைக்கும். நெரிசல் நேரத்தில் 6க்கு மேல் தேவைப்படும்போதுதான் மிச்சத்துக்குப் போட்டி, அதில் வெயிட் சமம் என்பதால் பேட்ச் அறிக்கைகளுக்கும் சரிபாதி உரிமை. எல்பார்ஸ்டாட் என்ற ஏஐஎக்ஸ் கட்டளையை ஓடவிட்டு, அந்த நேரத்தில் இரண்டும் உண்மையில் எத்தனை கோர் பிடிக்கின்றன என்று பாருங்கள்.

பதில் 3

வேறொரு வழியையும் யோசியுங்கள். பேட்சுக்கு வர்ச்சுவல் பிராசசர் 4 என்றே நிரந்தரமாக விட்டுவிட்டு, வெயிட்டை ஆன்லைனுக்கு 200, பேட்சுக்கு 50 என்று வைத்தால், போட்டி வரும்போது மிச்சம் நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரியும். இரவில் ஆன்லைன் சும்மா இருந்தால் அதன் பங்கும் தானாகப் பேட்சுக்குப் போகும். ஹைப்பர்வைசர் (கோர்களை எல்பார்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள்) 10 மில்லிசெகண்ட் சுற்றுகளில் பங்கிடுவதால் 11 மணிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பயன்படாத வர்ச்சுவல் பிராசசர்களை ஏஐஎக்ஸ் வேலை கொடுக்காமல் மடித்து வைத்துவிடும், அதனால் 4 இருப்பது பெரிய பாரமல்ல.

இரண்டு விஷயம் மட்டும். பேட்ச் இத்தனை மணிக்குள் முடிந்தே தீர வேண்டும், அதே நேரம் ஆன்லைனும் இரவில் பரபரப்பாக இருக்கும் என்றால் வெயிட் போதாது, உறுதியளித்த யூனிட் வேண்டும், அதற்கு உங்கள் அட்டவணைதான் சரி. இன்னொன்று, கோர் கணக்கில் லைசென்ஸ் வாங்கிய மென்பொருள் அதில் இருந்தால், அன்கேப்ட் எல்பாரில் வர்ச்சுவல் பிராசசர் எண்ணிக்கையே கணக்கில் வரலாம். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு 4ஐ நிரந்தரமாக்குங்கள்.

கேட்டவர்

மிகவும் நன்றி. பேட்சுக்குக் கெடு இருக்கிறது, ஆன்லைன் இரவிலும் ஓரளவு ஓடும், அதனால் அட்டவணையை விடவில்லை. ஒரே கட்டளையில் இரண்டு எண்களும், அனுப்பும் முன் படித்து வித்தியாசம் கணக்கிடுவதும் சேர்த்தாகிவிட்டது. இன்று காலை 1 யூனிட், 2 வர்ச்சுவல் பிராசசர் என்று பிழையில்லாமல் இறங்கியது. பகலுக்கு வெயிட்டை 200, 50 ஆக்கியிருக்கிறேன். லைசென்ஸ் பற்றி நாளை கேட்கிறேன்.

பதில் 2

நல்லது. பேட்ச் வேலை 6 மணிக்கு முடியாமல் இழுத்தால் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். மணியைப் பார்த்து இறக்குவதைவிட, வேலை முடிந்ததும் இறக்கு, 7 மணி தாண்டினால் கட்டாயம் இறக்கு என்று ஸ்கிரிப்டில் எழுதலாம்.