நெல் வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கு: ஒரு கிலோவுக்கு 2.25 வருகிறது, எங்கே தவறு?

பெகு_வயல்:
மியான்மரின் பெகு பக்கம் மழைக்கால நெல். அதை விளைவிப்பதில் வெளியாகும் வெப்ப வாயுக்களைக் கணக்கிடுகிறேன். மானாவாரி, அறுத்ததும் உளுந்து. நடவு முதல் அறுப்பு வரை 110 நாள். ஏக்கருக்கு 80 தின் (பர்மிய நெல் கூடை அளவு), யூரியா ஒரு மூட்டை (50 கிலோ), மடக்கி உழும் நெல் தாள் (அறுத்தபின் மிஞ்சும் வைக்கோல்) காய்ந்த எடையில் 800 கிலோ. ஐ.பி.சி.சி.யின் (ஐ.நா. காலநிலைக் குழு) மீத்தேன் எண் 1.22-ஐ 110 நாளால் பெருக்கி, கார்பன் டை ஆக்சைடு சமமாக்க மீத்தேனுக்கு 28 போட்டு, விளைச்சலால் வகுத்தேன். ஒரு கிலோ நெல்லுக்கு 2.25 கிலோ கார்பன் டை ஆக்சைடு சமம் என்று வருகிறது. யூரியாவுக்கு இன்னும் போடவே இல்லை. எங்கே பிழை, அண்ணன்மாரே?

தாள்மடக்கி:
தம்பி, முதல் பிழை நில அளவில். 1.22 என்பது எக்டேருக்கு, நாளுக்கு, கிலோ மீத்தேன். உங்கள் விளைச்சலோ ஏக்கருக்கு. ஒரு ஏக்கர் 0.4047 எக்டேர். தின்னை 20.86 கிலோ என்று எடுத்தது சரி, 80 தின் 1,669 கிலோ.

அடுத்து, 1.22 எப்போதும் தண்ணீர் கட்டி நிற்கும், தாள் மடக்காத வயலுக்கானது. ஒழுங்காக மழை பெறும் மானாவாரிக்கு அதை 0.54-ஆல் பெருக்க வேண்டும். அறுப்புக்குப் பின் 180 நாளுக்கு மேல் தண்ணீர் நிற்காமல் கிடந்தால் மேலும் 0.89-ஆல். கார்த்திகையில் அறுத்து ஆடியில் நடுகிறவர்களுக்கு இது பொருந்தும்.

முடிவைப் புரட்டிப் போடுவது தாள்தான். உங்கள் 800 கிலோ, எக்டேருக்கு 2 டன். நடவுக்கு 30 நாளுக்கு மேல் முன்பே மடக்கி உழுதால் (1 + 2×0.19)-ஐ 0.59 அடுக்குக்கு உயர்த்தி அதனாலும் பெருக்க வேண்டும்: 1.21. முதல் மழைக்குப் பிறகு, நடவை ஒட்டி உழுதால் 0.19-க்குப் பதில் 1: 1.91 வரும். மட்காத தாள் நீருக்குள் போனால் மீத்தேன் கிருமிக்கு அதுவே தீனி.

மீத்தேனுக்கு 28 ஐ.பி.சி.சி.யின் பழைய அறிக்கை எண். ஆறாம் அறிக்கையில் உயிர்வழி மீத்தேனுக்கு 27. முன்பே உழுதால் ஏக்கருக்குச் சுமார் 32 கிலோ மீத்தேன், கிலோ நெல்லுக்கு 0.51. பிந்தி உழுதால் 0.81. உழுத தேதியைக் கேட்காமல் கணக்கை மூடாதீர்கள்.

தட்டோன்_கணக்கு:
யூரியாவையும் சேர்த்துவிடுங்கள். 50 கிலோவில் தழைச்சத்து 23 கிலோ. அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகப் போகும். பலர் மேட்டுநிலப் பயிருக்கான 1 சதவீதத்தை நெல்லுக்கும் போடுகிறார்கள். நெல்லுக்குப் பொதுவாக 0.4 சதவீதம். வாயுவின் எடையாக்க 44/28-ஆல் பெருக்கி, கார்பன் டை ஆக்சைடு சமமாக்க 273 போட்டால் ஏக்கருக்கு 39 கிலோ சமம். யூரியா கரைந்து விடும் கார்பன் டை ஆக்சைடு, கிலோவுக்கு 0.73 வீதம், இன்னொரு 37. உரத்தைத் தயாரித்ததற்கான சுமை தனி வரி. மீத்தேன் 850-ஐத் தாண்டுகிறது, ஆகவே கை டிராக்டர் டீசலைத் துல்லியமாக்குவதில் நாளைக் கழிக்காதீர்கள்.

உளுந்துக்கு மீத்தேனைப் பங்கு போடாதீர்கள், அது வெள்ளத்தில் வளர்வதில்லை. உளுந்தால் யூரியா உண்மையிலேயே குறைந்திருந்தால் மட்டும் அந்தக் குறைவைக் காட்டுங்கள்.

பெகு_வயல்:
நன்றி. உழவு பெரும்பாலும் வைகாசி தொடக்கத்தில், அப்படியென்றால் 0.51. கணக்கு அரிசி ஆலை வரை போனால் உமியை என்ன செய்வது? கோடை நெல்லுக்கும் இதே எண்களா?

தாள்மடக்கி:
உமி அந்த ஆலையின் கொதிகலனிலேயே எரிந்தால் அதற்குச் சுமையில் பங்கு எதுவும் தராதீர்கள், வெளியே விற்றால்தான் அது உபபொருள். தவிடும் குருணையும் விற்பனைக்குப் போகின்றன. எடைப்படி பிரித்தால் மலிவான தவிட்டின் மேல் சுமை ஏறிவிடும், விலைப்படி பிரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் எடைப்படியும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், வாழ்க்கைச் சுழற்சிக் கணக்குக்கான உலகத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 14044 அந்த ஒப்பீட்டைக் கேட்கிறது.

கோடை நெல் வேறு. வாய்க்கால் தண்ணீர் தொடர்ந்து நின்றால் 0.54-க்குப் பதில் 1. வயலில் துளைக் குழாய் பதித்து, அதில் நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் 0.55. அப்போது நைட்ரஸ் ஆக்சைடு விகிதம், தொடர்ந்து நீர் நிற்கும் வயலுக்கான 0.3-லிருந்து 0.5 சதவீதமாக ஏறும். உங்கள் ஒரு மூட்டைக்கு அது 20 கிலோ சமம்தான், மீத்தேனில் குறைவது அதைவிடப் பல மடங்கு. மழைக்கால நெல்லுக்கு முன் கோடை நெல் இருந்தால் 0.89-ஐயும் 1 ஆக்குங்கள், இடைவெளி 180 நாள் எட்டாது.