மறு: டிஸ்பிளேஸ்மென்ட்டுக்குத் தமிழில் என்ன? ‘கடப்பளவு’ சரிப்படுமா?

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். எஞ்சினின் டிஸ்பிளேஸ்மென்ட்டை, அதாவது பைக்குகளுக்குச் சிசியில் சொல்லும் அந்த அளவை, தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழை நீண்டுகொண்டே போகிறது, எல்லாவற்றுக்கும் ஒரே மடலில் எழுதிவிடுகிறேன்.

> பெரிய ஸ்போர்ட் பைக் வாங்க நினைப்பவர்களுக்கு எஞ்சின் அளவு பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். பேசாமல் ‘எஞ்சின் திறன்’ என்று போட்டுவிடலாமா? செய்திகளில் அப்படித்தானே வருகிறது?

வேண்டாம். மற்ற எந்தச் சொல்லோடும் காலம் தள்ளலாம், இதோடு முடியாது. திறன் என்ற சொல்லை இயற்பியல் பாடத்தில் பவருக்குக் கொடுத்தாயிற்று. உங்கள் கட்டுரையோ சிசி வேறு, பவர் வேறு என்று சொல்ல வருகிறது. யமஹா ஆர்1 998 சிசி, ஏறக்குறைய 200 குதிரைத்திறன். 2021இல் வந்த சுசூகி ஹயபூசா 1340 சிசி, ஆனால் 190 குதிரைத்திறன். ‘ஆர்1-ஐவிட எஞ்சின் திறன் கூடிய ஹயபூசாவுக்குத் திறன் குறைவு’ என்று எழுதிப் பாருங்கள். வாசகர் அந்த வரியோடு கிளம்பிவிடுவார்.

சிசி உண்மையில் எதைச் சொல்கிறது என்று பார்த்தால் சொல்லுக்கான வழியும் தெரியும். யமஹா ஆர்6 599 சிசி, அதன் உச்ச டார்க் (எஞ்சின் சுழற்றித் தள்ளும் வலு) சுமார் 62 நியூட்டன் மீட்டர். ஆர்1-க்கு 113. ஹயபூசாவுக்கு 150. லிட்டருக்கு, அதாவது 1000 சிசிக்கு, எவ்வளவு என்று வகுத்தால் 103, 113, 112 என்று பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினில் சிசி கூடினால் டார்க் அந்த அளவுக்கு நெருக்கமாகவே கூடும். பவர் அப்படியில்லை. அது டார்க்கையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. ஆர்1 தன் முழு பவரைக் காட்ட 13,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) போக வேண்டும், ஹயபூசாவுக்கு 9,700 போதும். அதைவிட முக்கியம், ஹயபூசாவின் உச்ச டார்க் 7,000-லேயே கிடைத்துவிடுகிறது. கியரைக் குறைக்காமல் முந்த வேண்டும், பின்னால் ஒருவரை உட்கார வைத்து நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்பவருக்கு அந்தக் கூடுதல் 342 சிசி அங்கேதான் வேலை செய்கிறது. அதற்கு விலை எடையில் கொடுக்க வேண்டும். ஹயபூசா 264 கிலோ, ஆர்1 சுமார் 200, ஆர்6 190. அடுத்தடுத்து வளைவுகள் வரும் பாதையில் அந்த அறுபத்துச் சொச்சம் கிலோவை ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சாய்ப்பது ஓட்டுபவர்தான், எஞ்சின் இல்லை. பெரிய சிசியே நல்லது என்று நினைத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மறக்கிற இடம் இது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> ‘கொள்ளளவு’ எல்லாருக்கும் புரியும். ஏன் புதிதாக ஒன்று?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். பிஸ்டன் மேலே போய் நின்ற பிறகும் அதற்கு மேல் எரி அறை என்று கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது. சிசியில் அது சேராது. ஆர்1-இன் அமுக்க விகிதம், அதாவது பிஸ்டன் கீழே நிற்கும்போது இருக்கும் மொத்த இடத்துக்கும் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம், 13:1. ஒரு சிலிண்டருக்கு 249.5 சிசி என்றால் மிச்ச இடம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 21 சிசி. ஆக நான்கு சிலிண்டரும் உண்மையில் ‘கொள்வது’ 1080-ஐத் தாண்டும். அப்புறம் அமுக்க விகிதத்தை விளக்கும் பத்தியில் கொள்ளளவு என்ற சொல் இரண்டு பொருளில் வந்து மோதும். எரிபொருள் டாங்கின் கொள்ளளவும் அதே கட்டுரையில் வரப்போகிறது.

‘உறிஞ்சளவு’ என்று ஒரு நண்பர் சொன்னது எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் கவாசாகியின் நிஞ்சா இசட்எக்ஸ்-10ஆர், நிஞ்சா எச்2 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சிலிண்டரின் உள்விட்டம் 76 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் தூரம்) 55, நான்கு சிலிண்டர், 998 சிசி. எச்2-இல் சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது, அதனால் உள்ளே போகும் காற்று 998-க்கு மேல். உறிஞ்சும் அளவு மாறுகிறது, சிசி மாறவில்லை. சொல் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

‘இடப்பெயர்ச்சி’யை இயற்பியலுக்கே விட்டுவிடலாம். ‘துடைப்பளவு’, பிஸ்டன் துடைத்துக்கொண்டு போகும் அளவு என்ற பொருளில் சரிதான், ஆனால் துடைப்பத்தை நினைக்காமல் யாராலும் படிக்க முடியாது.

> ஸ்ட்ரோக்கை ‘வீச்சு’ என்கிறோம். ‘வீச்சளவு’ ஏன் கூடாது?

நல்ல சொல், ஓசையும் அழகு. இரண்டு தயக்கம். அலைவியலில் வீச்சு என்பது நடுநிலையிலிருந்து ஓரம் வரையான தூரம், பிஸ்டனுக்கு ஸ்ட்ரோக் என்பது ஓரத்திலிருந்து ஓரம். ஒரே அசைவுக்கு இயற்பியல் மாணவர் ஒரு எண்ணும் மெக்கானிக் அதன் இருமடங்கும் சொல்வார்கள். இன்னொன்று, வீச்சளவு என்றால் ஸ்ட்ரோக்கின் நீளம் என்றுதான் முதலில் தோன்றுகிறது. சிசியை முடிவு செய்வதில் உள்விட்டத்துக்கு இன்னும் பெரிய பங்கு, அது இருபடியாக வருகிறது. 1999-இல் வந்த ஹயபூசாவுக்கு உள்விட்டம் 81, ஸ்ட்ரோக் 63 மில்லிமீட்டர், சுமார் 1299 சிசி. 2008-இல் உள்விட்டத்தைத் தொடாமல் ஸ்ட்ரோக்கை 65 ஆக்கியதில் 1340 ஆனது. ‘வீச்சு 2 மில்லிமீட்டர் கூடியதால் வீச்சளவு 41 சிசி கூடியது’ என்ற வரி எனக்கே ஒருமுறை தடுக்குகிறது.

என் முன்மொழிவு: கடப்பளவு. பிஸ்டன் கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் இடையே கடந்து போகும் கன அளவு. எரி அறை அதில் தானாகவே விலகிவிடுகிறது, ஏனென்றால் பிஸ்டன் அதைக் கடப்பதில்லை. காற்று எவ்வளவு நுழைந்தது என்ற கேள்வியும் எழவில்லை. பவரைப் பற்றி எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. கலைச்சொல் நேர்மையாக இருந்தால் போதும், அழகு பிறகு வரும் என்பது என் கட்சி.

வரிகளில் வைத்துப் பார்க்கலாம். ‘சூப்பர்பைக் உலகப் போட்டியில் நான்கு சிலிண்டர் எஞ்சினின் கடப்பளவுக்கு 1000 சிசி வரம்பு உண்டு. அதனால்தான் டுகாட்டி பனிகாலே வி4 1103 சிசியாக இருக்க, பந்தயத்துக்கான வி4ஆர் மட்டும் ஸ்ட்ரோக்கைக் குறைத்து 998 சிசியாக வருகிறது.’ இடறாமல் போகிறது. ‘கடப்பளவு கூடக் கூட டார்க் கூடும், எடையும் கூடும்.’ இதுவும் சரி. ‘லிட்டர் பைக்’ என்பதை அப்படியே விடுங்கள், அது 1000 சிசி வகுப்பின் பெயர். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘கடப்பளவு, அதாவது பைக்கின் சிசி’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். சிசி என்பது அலகு, அளவின் பெயரல்ல என்பதும் அங்கேயே தெளிந்துவிடும்.

ஹைட்ராலிக் பம்ப்களுக்கும் இதே சொல் ஒத்துவருமா என்று பம்ப் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிஸ்டன் பம்ப்பில் சிக்கல் இராது, பல்சக்கர பம்ப்பில் எது எதைக் கடக்கிறது என்று யோசிக்க வேண்டும். பிஸ்டனுக்குப் பதில் சுழலி கொண்ட வாங்கெல் எஞ்சினின் சிசியை எப்படிக் கணக்கிடுவது என்பது தமிழுக்கு முன்னாலேயே தீராத சண்டை, அதை இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம். கப்பலுக்குச் சொல்லும் டிஸ்பிளேஸ்மென்ட்டுக்கு இது கண்டிப்பாக ஆகாது, அங்கே பேச்சு நீரின் எடையைப் பற்றியது.

கட்டுரையில் ஆர்6-ஐ விட்டுவிடாதீர்கள். முதல் பெரிய ஸ்போர்ட் பைக்காக நேராக 1000-க்குத் தாவ நினைப்பவர் படிக்க வேண்டிய பத்தி அதுதான்.