‘இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்’: ‘தலைகாட்டு பழுது’ என்று வைத்துக்கொள்வோம்

நண்பர்களுக்கு வணக்கம்.

‘இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்’, அதாவது சில நேரம் மட்டும் தெரிந்து மற்ற நேரம் தெரியாமல் இருக்கும் பழுது, என்பதற்குத் தமிழில் ‘இடைப்பட்ட பழுது’ என்று எழுதிவிடலாம் என்ற பேச்சு வந்திருக்கிறது. மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் ஐஸ் கம்பெனிகளில் பழைய மோட்டார் டிரைவ்களை (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகளை) பழுதுபார்த்துப் பிழைப்பவன் நான். இந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. இடைப்பட்டது என்றால் இரண்டுக்கு நடுவில் இருப்பது. இங்கே அந்தப் பொருளே இல்லை. ‘இடைவிட்ட பழுது’ கொஞ்சம் தேவலாம். ஆனால் ‘விட்ட’ என்றதும் விட்டுத் தொலைந்தது என்றே காதில் விழுகிறது. ‘தற்காலிகப் பழுது’ வேண்டவே வேண்டாம். இடி மின்னலால் மின்னழுத்தம் ஒரு கணம் துள்ளி டிரைவ் நின்றால் அது தற்காலிகம். அதற்குக் காரணம் வெளியில் இருக்கிறது. நாம் பெயர் தேடுவது உள்ளேயே ஓரிடத்தில் குடியிருக்கும் குறைக்கு. போகப்போக அது நிலையான பழுதாக முற்றக்கூடியது.

சென்ற வாடைக் காலத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் டிரைவ் அடிக்கடி நின்றது. திரையில் ‘டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) மின்னழுத்தம் குறைவு’ என்று பொருள்படும் குறியீடு. காலை ஒன்பது மணிக்கு நான் போய் நின்றால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். பழைய டிரைவ் என்பதால் முதலில் மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்களை) சந்தேகித்தேன். வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். தகரக் கூரைக்கடியில் இத்தனை வருடம் வெந்தவை. மாற்றினேன். நான்காம் நாள் மறுபடி நின்றது.

வழி காட்டியது இரவுக் காவலரின் நோட்டு. நின்ற நாள், நேரம், அன்றைய காற்று எல்லாம் பென்சிலில் குறித்திருந்தார். பெரும்பாலும் விடியலுக்கு முன், அதுவும் மின்வெட்டுக்குப் பிறகு பெட்டி ஆறிக் கிடந்து திரும்ப ஓட்டும்போது. மூன்று இடங்களில் ஒரே வரி: “இன்றும் தலைகாட்டியது.”

ஓர் இரவு அங்கேயே தங்கினேன். 4.20 மணிக்கு நின்றது. 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை டிசியாக மாற்றினால் 585 வோல்ட்டுக்குச் சற்று மேல் வர வேண்டும்; என் மீட்டரில் அது சரியாகவே இருந்தது. ஆக மின்னழுத்தம் குறையவில்லை, குறைந்ததாக டிரைவ் நினைத்துக்கொள்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை காத்திருந்து, மீட்டரால் உறுதிசெய்துகொண்டு (இதில் அவசரப்பட்டால் உயிர் போகும்) போர்டைக் கழற்றினேன். மின்னழுத்தத்தை அளந்து அனுப்பும் கனெக்டரின் மூன்றாம் ஊசியைச் சுற்றி, ஈயப்பற்றில் தலைமுடியை விட மெல்லிய கறுப்பு வளையம். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. பிளாஸ்டிக் குச்சியால் லேசாக அழுத்தினால் இணைப்பு உண்டு என்று மீட்டர் கூவியது, விட்டால் கூவல் நின்றது. ஆறிச் சுருங்கும்போது விரிசல் விலகுகிறது; வெயில் ஏறிப் பெட்டி சூடானால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

அதே போர்டின் ஓரத்தில் வெள்ளைப் பூப்போல உப்பும் படிந்திருந்தது. நம் கரையில் இது தனிக் கதை. சாதாரண உப்பு நீர்த்துக் கசியக் காற்றில் 75 சதவீத ஈரப்பதம் வேண்டும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் பகலிலும் முழுதாகக் காயாது. அதையும் கழுவிக் காயவைத்து, வார்னிஷ் பூசிய பிறகே திரும்ப மாட்டினேன்.

விரிசல் ஒன்பது மணிக்கும் அங்கேயேதான் இருந்தது. வந்து போனது அதன் விளைவு மட்டும். கடல் வற்றும்போது தெரிகிற பார் (கடலடிப் பாறைத்திட்டு), நீர் ஏறியதும் மறைகிறது. வலை கிழிந்தவருக்குத் தெரியும் அது எங்கும் போகவில்லை என்று. ‘விட்டுவிட்டு வரும் பழுது’ என்ற எளிய பெயரில்கூட இது வரவில்லை. அதன்படி பழுதே போய்விட்டு வருகிறது. ஒளிந்திருப்பவர்தானே தலைகாட்ட முடியும்? காவலரின் சொல்லில் இரண்டும் இருக்கின்றன.

எனவே ‘தலைகாட்டு பழுது’. வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று மிகாது. சுடுகாடு, ஊறுகாய் போல. ஆளுக்குச் சொல்வதைப் பொருளுக்குச் சொல்லலாமா என்பவர்களுக்கு: மின்சாரத்தை ‘ஓட’ விட்டவர்கள் நாம்தானே. கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவிலான நேரம் ‘தலைகாட்டு இடைவெளி’; சூடாக்கியும் குளிர்வித்தும் தட்டியும் அதை வரவழைப்பது ‘தலைகாட்டத் தூண்டல்’. எப்போதும் இருக்கும் பழுதுக்கு ‘நிலைப்பழுது’, வெளிக்காரணத்தால் வந்து மறைவதற்குக் ‘கணநேரக் கோளாறு’ என்று பிரித்துக்கொள்ளலாம். டிரைவ் டிரைவாகவே இருக்கட்டும். அதற்குத் தமிழ் தேடுவதை இன்னொரு நாள் பார்ப்போம்.

அந்த டிரைவின் உள்மூடியில் ‘தலைகாட்டு பழுது: அளவீட்டுக் கனெக்டர், 3ஆம் ஊசி’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். காவலர் வாசித்துவிட்டு விளக்கம் எதுவும் கேட்கவில்லை.