எஃப்பிஐயின் 170 மில்லியன் டாலர் சாஃப்ட்வேர் ஏன் குப்பைக்குப் போனது?

கேள்வி: விசாரணைக் கோப்புகளைக் கணினியிலேயே கையாள அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தொடங்கி, 2005ல் கைவிட்ட ‘விர்ச்சுவல் கேஸ் ஃபைல்’ திட்டம் எங்கே சறுக்கியது? தப்பு ஒப்பந்தக்காரர் மேல்தானா?

பதில் 1: இரண்டு பக்கமும்தான். முதல் ஓட்டை ஒப்பந்தத்திலேயே இருந்தது: ஆகிற செலவு முழுக்கத் தருவோம், மேலே ஊக்கத்தொகையும் உண்டு. இழுத்தடித்தால் யாருக்கு நஷ்டம்? சாஃப்ட்வேர் என்னென்ன செய்யணும் என்று சொல்கிற தேவை ஆவணம் 800 பக்கத்துக்கு மேல்; பட்டன் திரையில் எங்கே இருக்கணும் என்பது வரைக்கும் எழுதியிருந்தார்கள். வேலை நடக்கும்போதே நூற்றுக்கணக்கில் மாற்றம் கேட்டார்கள். ஏழு லட்சம் வரிக்கு மேல் புரோகிராம் எழுதியும் ஒன்றும் தேறவில்லை.

பதில் 2: அதைவிட மோசம், பழைய சிஸ்டத்தை ஒரே இரவில் அணைத்துவிட்டுப் புதியதை ஏற்றுகிற திட்டம். கோளாறு வந்தால் திரும்பிப் போக வழியே கிடையாது. விசாரணைக் கோப்பில் விளையாடலாமா? அந்தப் பழைய சிஸ்டமும் லேசுப்பட்டதில்லை: அறிக்கையை டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் பச்சை எழுத்து மட்டும் தெரிகிற பழங்காலக் கணினித் திரையில் ஏற்றணும்.

கேள்வி கேட்டவர்: இதற்குப் பதிலாக அடுத்து வந்த ‘சென்டினல்’ திட்டம் என்ன ஆனது?

பதில் 1: அதுவும் 2010ல் முட்டி நின்றது. எஃப்பிஐயே கையில் எடுத்து, ஆட்களைக் குறைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டாக முடித்துச் சோதித்தார்கள். 2012 ஜூலையில் ஓட ஆரம்பித்தது.