லயத்துக்குப் பின்னால் நிற்கும் தண்டவாளத் துண்டு: குண்டளை ரயிலின் மிச்சங்கள் வேறு எங்கே இருக்கின்றன?

லயத்துப்பையன்:

வணக்கம். மூணாறுக்கு மேலே, மாட்டுப்பட்டிக்கும் குண்டளைக்கும் நடுவில் ஒரு தேயிலை எஸ்டேட் டிவிஷனில் எங்கள் வீடு. நான்கு தலைமுறையாகக் கொழுந்து எடுக்கும் குடும்பம். வரும் மார்ச்சில் அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட். அதன்பின் லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) காலி செய்துவிட்டுக் கம்பம் ஊர்ப் பக்கம் போகிறோம். அதற்குள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போக ஆசை.

வீட்டுக்குப் பின்னால் அம்மா துணி காயப்போடும் கொடியின் ஒரு முனை கொய்யா மரத்தில், மறுமுனை ஓர் இரும்புக் கம்பத்தில். பிறந்ததிலிருந்து பார்க்கிற கம்பம். போன மழையில் அடிமண் கரைந்து சாய்ந்துவிட்டது. நிமிர்த்திக் கட்டும்போதுதான் கையில் தட்டுப்பட்டது: ஒருபக்கம் பட்டையான பாதம், நடுவில் ஒல்லி உடம்பு, மறுபக்கம் தேய்ந்து உருண்ட தலை. தண்டவாளம்! செங்குத்தாக நட்டு வைத்த தண்டவாளம். பெரிய ரயிலுடையது போலக் கனமாக இல்லை; பாதத்திலிருந்து தலை வரை என் நான்கு விரல் அகலம்தான்.

அம்மாவின் தாத்தா, அந்த ரயில் போய் முடியும் டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். குண்டளை ரயிலைப் பற்றி அவர் சொன்னதாக அம்மா சொல்வது: "மாடு இழுத்த ரயில்." பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்வது: "கரன்ட் ரயில், கம்பியிலே ஓடுச்சு." இரண்டில் எது சரி? பாதை எந்த வழியாகப் போனது? இன்று நடந்து பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

ரோட்டுவேலைக்காரன்:

தம்பி, உங்கள் அம்மா சொன்னது சரி. பெரியம்மா சொன்னதிலும் பாதி சரி.

முதலில் மாடு. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போட்டது ஒற்றைத் தண்டவாளம். பெட்டியின் சிறு சக்கரங்கள் அந்தத் தண்டவாளத்தில் ஓடும். விழாமல் தாங்குவதற்கு ஒரு பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருளும். இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். டார்ஜிலிங் மலை ரயிலுக்கும் அதே அகலம்தான். அப்போது வந்தது நீராவி எஞ்சின். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிறுத்தங்கள்.

கரன்ட் கிடையாது. திருவிதாங்கூர் அரசின் பள்ளிவாசல் மின்நிலையம் ஓட ஆரம்பித்ததே 1940-இல். ரயில் 1924 ஜூலை வெள்ளத்தோடு போய்விட்டது. மலையாள ஆண்டு 1099 என்பதால் இங்கே எல்லோரும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்கள். மாட்டுப்பட்டியில் மலை சரிந்து ஆற்றை அடைத்து, தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் மூணாறை அடித்தது என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதன்பிறகு ரயிலைத் திரும்பப் போடவில்லை. பெரியம்மா சொல்லும் "கம்பி" வேறு கதை; அதைப் போடிக்காரர்கள் யாராவது சொல்லட்டும்.

மிச்சம் என்றால், மூணாறு ஊரிலிருந்தே தொடங்குங்கள். தேயிலைக் கம்பெனியின் வட்டார அலுவலகம் இருக்கிறதே, அந்தக் கட்டடம்தான் ரயில் நிலையம். முன்னால் ரோடாக இருப்பது பிளாட்பாரம். பக்கத்தில் அலுமினியம் பாலம், அது ரயில் போன பாலம். ஆயிரம் தடவை அதில் நடந்திருப்பீர்கள். நல்லதண்ணி டீ மியூசியத்தில் எஞ்சின் சக்கரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பாருங்கள்.

ஊரைத் தாண்டினால் கண்ணைப் பழக்க வேண்டும். முப்பது வருஷம் ரோடு வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஜீப் ரோடு மேட்டைக் கண்டால் ஏறிவிடும், கொண்டை ஊசி போட்டுத் திரும்பும். ரயிலால் அப்படி ஏற முடியாது. மலையின் மடிப்புக்குள் போய், வளைந்து, மறுபக்கம் வெளியே வந்து, ஒரே மட்டமாக நெளியும். தேயிலைச் செடிக்கு நடுவே காரணமில்லாமல் மட்டமாகப் போகிற ஒரு தட்டைப் பார்த்தால் நின்று யோசியுங்கள். ஓடை குறுக்கிடும் இடத்தில் செதுக்கிய கல்லில் கட்டிய கல்வெட்டு இருந்தால் இன்னும் நல்லது. நான் சொல்லும் கல்வெட்டு எழுத்து பொறித்தது அல்ல, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் வழி. பள்ளத்தாக்கின் அடியில் தேட வேண்டாம். குண்டளை அணை 1946, மாட்டுப்பட்டி அணை 1953. கீழ்மட்டத்தில் இருந்தது எல்லாம் தண்ணீருக்குள்.

கொட்டகுடி ஆறு:

கம்பிக் கதையை நான் சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் போடிப் பக்கம்.

ரயிலில் வந்த தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷனில் இறங்கும். அங்கிருந்து ரோப்வேயில், அதாவது கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு வரும். அதைத்தான் பாட்டம் ஸ்டேஷன் என்றார்கள். அப்புறம் 15 கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். அதற்கும் அப்பால் போய்க் கடைசியில் கப்பல் ஏறி இங்கிலாந்து. போடிக்கு ரயில் வந்ததே 1928-இல். அதற்குள் மேலே உங்கள் ரயில் போய் நான்கு வருஷம் ஆகிவிட்டது. மேலே ஒரு ரயில், கீழே ஒரு ரயில், இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. எனக்கு இது இன்றைக்கும் மனசைப் பிசைகிற விஷயம்.

எங்கள் பக்கத்து மிச்சம் என்ன தெரியுமா? ஊர்ப் பெயர்கள். டாப் ஸ்டேஷனுக்கும் கொட்டகுடிக்கும் நடுவே சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ரயிலே இல்லாத மலைச்சரிவில் "ஸ்டேஷன்" எங்கிருந்து வந்தது என்று அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். டாப் ஸ்டேஷனிலேயே ரோப்வேயின் இடிந்த கட்டுமானத்தைப் பார்க்கலாம். கேரள ரோட்டில் போய்ச் சேர்ந்தாலும் அந்த இடம் தேனி மாவட்டம்.

குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக மேலே ஏறும் பாதை உண்டு. ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் எத்தனை உயிர் போனது என்று எங்களுக்கு மறக்காது. கோடையில் போகவே போகாதீர்கள்.

இரும்புப்பாதை:

ஒற்றைத் தண்டவாளம் எப்படி ஓடும் என்று படத்தில் பார்த்தால் புரியாது, நேரில் பார்க்க வேண்டும். அதே முறையில் 1907-இல் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய வண்டி டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டெல்லி போனால் தவறவிடாதீர்கள்.

லயத்துப்பையன்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு தேடப் போனேன். நான் மேலே ரோட்டோரமாகவே பார்த்துக்கொண்டு போனேன். அம்மா கீழே கையைக் காட்டி, "மட்டமான வழின்னா இதுதான்டா. முழங்கால் வலிக்கிற பொம்பளைங்க எல்லாம் இப்படித்தான் மலைக்குப் போவோம்" என்றார்.

இறங்கிப் பார்த்தோம். செடிகளுக்கு நடுவே நெளிந்து போகும் தட்டு, ஏற்றம் தெரியவே இல்லை. அரை மணி நேரத்தில் ஓடை வந்தது. அடியில் கல்வெட்டு! சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்திருந்தாலும் செதுக்கிய கற்கள் ஒன்றோடொன்று இறுகி நிற்கின்றன. மேல்பரப்பை டேப் வைத்து அளந்தேன், ஆறடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டடித் தண்டவாளமும் இருபக்கம் ஆள் நடக்க இடமும் போதும். முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து மூட்டையோடு அம்மா கடந்த இடம். அம்மாவின் தாத்தாவும் அதன்மேல் எத்தனை தடவை போயிருப்பாரோ. அம்மா சற்று நேரம் அந்தக் கல்லில் உட்கார்ந்தே இருந்தார்.

போட்டோக்களை நாளை போடுகிறேன். கம்பத்தைப் பிடுங்கவில்லை, அது எஸ்டேட் சொத்து, நின்ற இடத்திலேயே நிற்கட்டும். அடுத்து வீட்டுக்கு வருகிறவர்களிடம் அது என்னவென்று சொல்லிவிட்டுத்தான் போவோம்.

கொட்டகுடி அண்ணே, ஒரு உதவி. மழை முடிந்ததும் சென்ட்ரல் ஸ்டேஷன் வரை போய்ப் பார்க்க வேண்டும். அனுமதிக்குப் போடியில் எந்த ஆபீசில் கேட்க வேண்டும்? இரண்டு பேர். அம்மாவும் வருகிறார்.